பழைய வண்டியின் பட்டை: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கொல்கத்தாவில் படாபஜார் என்ற பெரிய மொத்தச் சந்தை இருக்கிறது. துணி மூட்டை, மளிகைப் பெட்டி, இரும்புச் சாமான் எல்லாம் அங்கிருந்து சிறிய லோடு வண்டிகளில் நகரம் முழுவதும் போகின்றன. தெருக்கள் குறுகலானவை. மழைக்காலத்தில் சாலையில் நீர் தேங்கும். நீருக்குள் இருக்கும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் திடீரென இறங்கும். அந்த அடியைத் தாங்குவது எது? சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங் பட்டை.

பட்டை உடைந்தால் அன்றைய கூலி போகும். ஓடும்போது உடைந்தால் உயிரும் போகலாம். ஆனால் புதுப் பட்டைக்குச் செலவு அதிகம். அதனால் வண்டி வைத்திருப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழும். பழுது பார்த்து ஓட்டலாமா? புதிதாக மாற்ற வேண்டுமா?

பட்டை எப்படி வேலை செய்கிறது?

பல எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். இரு முனையிலும் வளையம் உள்ள நீளமான பட்டைக்கு மெயின் பட்டை என்று பெயர். எல்லாப் பட்டைகளையும் நடுவில் சென்டர் போல்ட் கோத்துப் பிடிக்கும். பட்டைக் கட்டை அச்சோடு சேர்த்து இறுக்குவது யு போல்ட். முனைகளில் பின்னும் புஷ்ஷும் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது பட்டை நிமிரும். பிறகு பழைய வளைவுக்குத் திரும்பும். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர்.

பழுதை எப்படி அறிவது?

சுமை இல்லாத வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். இரு பக்கமும் தரையிலிருந்து வண்டியின் உயரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அங்கே பட்டை தளர்ந்திருக்கலாம்.

அடுத்து, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். அளவு மாறினால் சென்டர் போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டக் கூடாது.

வேறு அடையாளங்களும் உண்டு. பள்ளத்தில் 'டக் டக்' என்று சத்தம் வரும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடியும். வண்டியின் மூலையை அழுத்திக் கையை எடுத்தால், அது ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். பல முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் கெட்டுவிட்டது.

எவற்றைப் பழுது பார்க்கலாம்?

ஒரு பட்டை மட்டும் விரிசல் விட்டிருந்து மற்றவை நன்றாக இருந்தால், அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். புதுப் பட்டையின் அகலம், கனம், நீளம், வளைவு நான்கும் பொருந்த வேண்டும்.

வளைவு குறைந்த பட்டையை மீண்டும் வளைக்கலாம். ஆனால் அதற்கு முறை உண்டு. பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்ச வேண்டும். வளைத்து எண்ணெயில் தோய்க்க வேண்டும். பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். எண்ணெயில் தோய்க்காமல் விட்டால் பட்டை விரைவில் தொங்கிவிடும். தோய்த்துப் பதப்படுத்தாமல் விட்டால் கண்ணாடிபோல் முறியும். வெறும் சம்மட்டியால் அடித்து வளைத்த பட்டை வெகுநாள் தாங்காது.

கிரீஸ் போடும் பின் உள்ள வண்டியில் தவறாமல் கிரீஸ் போடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் மலிவான பராமரிப்பு.

எவற்றை மாற்றியே ஆக வேண்டும்?

உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கக் கூடாது. வெல்டிங் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். மேலே பார்த்தால் ஒட்டியதுபோல் இருக்கும். சுமை ஏறியதும் ஒட்டின் ஓரத்தில் முறியும்.

மெயின் பட்டை உடைந்தாலோ, பல பட்டைகள் விரிசல் விட்டாலோ முழுக் கட்டையும் மாற்றுங்கள். ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரு பக்கம் புதிதும் மறு பக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி சாயும்.

யு போல்ட் இறுக்கும்போது சற்று நீளும். அதனால் கழற்றிய யு போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. புதிய யு போல்ட்டும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கப்பட வேண்டும். வெடித்த ரப்பர் புஷ்ஷையும், எண்ணெய் வடியும் ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டியதுதான்.

சிலர் அதிகச் சுமை ஏற்ற ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள். பட்டை தாங்கலாம். ஆனால் அச்சு, பிரேக், டயர், சேசிஸ் ஆகியவற்றின் பலம் கூடுவதில்லை. சட்டம் அனுமதித்த சுமையும் கூடுவதில்லை.

பழைய சாமான் வாங்கலாமா?

கொல்கத்தாவின் மல்லிக் பஜார் பழைய வண்டிச் சாமான்களுக்குப் பேர்போனது. நகரத்தின் மஞ்சள் அம்பாசடர் டாக்சிகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் காரை அருகிலுள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 2014 மே மாதம் தயாரிப்பு நின்றது. அதன் பின்னும் அந்த டாக்சிகள் பல ஆண்டுகள் ஓடின. அவற்றின் பின் சக்கரங்களுக்கும் பட்டைதான். மிஸ்திரிகளின் கைத்திறனும் சாமான் கடைகளும் அவற்றை ஓட வைத்தன.

ஆனாலும் பழைய சாமானில் கவனம் வேண்டும். பட்டையின் துருவைத் தேய்த்து எடுத்து, விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டையின் அருகிலும் வளையத்தின் அருகிலும் நன்றாகப் பாருங்கள். பழைய ரப்பரும் பழைய ஷாக் அப்சார்பரும் வேண்டாம்.

ஒரு கணக்கு

இது விலைப்பட்டியல் அல்ல. கணக்குப் போடும் முறை. பழுது பார்க்க 2,000 ரூபாய் ஆகிறது, 4 மாதம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 500 ரூபாய். புதிதாக மாற்ற 9,600 ரூபாய் ஆகிறது, 24 மாதம் தாங்குகிறது. மாதத்துக்கு 400 ரூபாய். கையிலிருந்து இன்று போகும் பணம் குறைவாகத் தெரிந்தாலும், பழுது பார்ப்பதே இங்கு அதிகச் செலவு. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் கூலி நட்டத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் வயதைப் பாருங்கள்

2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. புகையால் நகரத்தின் காற்று கெட்டதே காரணம். 15 ஆண்டுக்கு மேற்பட்ட வாடகை, சரக்கு வண்டிகளை நகரப் பகுதியிலிருந்து விலக்க வேண்டும் என்றது. 2009 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன் புதுப் பட்டை போட்டவருக்கு அந்தப் பணம் வீண்தான்.

ஆகவே செலவு செய்யும் முன் பதிவுப் புத்தகத்தைப் படியுங்கள். இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டலாம் என்று பாருங்கள். 24 மாதம் தாங்கும் பட்டையை 6 மாதமே ஓடப்போகும் வண்டிக்குப் போட்டால் மாதக் கணக்கு 1,600 ரூபாய் ஆகிவிடும். அப்போது ஒரு பட்டையை மட்டும் மாற்றுவது போதுமா என்று கேட்கலாம். ஆனால் உடைந்த பட்டையோடு ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. அதில் கணக்குக்கு இடமில்லை.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கழற்றிய சாமானை நேரில் காட்டச் சொல்லுங்கள். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று கேளுங்கள். யு போல்ட் புதிதா என்று பாருங்கள். சாமான் பெயரும் விலையும் எழுதிய ரசீது வாங்குங்கள். நீங்களே அதைப் படித்துப் பாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பட்டை எத்தனை மாதம் தாங்கியது என்று அந்த நோட்டே சொல்லும்.