தணலில் வெந்த பழம்: மாரிகால இனிப்பும் நம் உடம்பும்

மட்டக்களப்பின் பழுகாமத்தில் ஐப்பசி பிறந்தால் பின்னேரங்கள் கறுத்துவிடும். பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குள் வந்தால் பெரும்போக வெள்ளாமைக்கு விதைத்த வயல்கள். வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று. வயலால் வருபவர்களுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கும் சூடாக, இனிப்பாக ஏதாவது வேண்டும். பல வீடுகளில் அது மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயாகவும், எண்ணெயில் பொரித்த வாய்ப்பனாகவும், கடைப் பிஸ்கட்டாகவும் முடிந்துபோகிறது. அதே நேரம் குசினி மூலையில் வாழைப்பழம் கறுத்துக்கொண்டிருக்கும். நவராத்திரி, கேதார கௌரி விரதம், தீபாவளி, கந்தசஷ்டி என்று படையல் சீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வீடு வந்துசேரும் காலம் இது. தின்று தீராது. கடைசியில் மாட்டுக்குப் போகும்.

அந்தப் பழத்தை முழுதாகக் கறுக்கமுன் தணலில் சுட்டுப் பாருங்கள். குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் வந்ததும் பீச், பேரி, அப்பிள் முதலியவற்றைச் சுட்டு வெதுவெதுப்பாகச் சாப்பிடுகிறார்கள். நமக்கு இலையுதிர்காலம் கிடையாது. மாரி இருக்கிறது, பழமும் இருக்கிறது. சுட்ட பழத்தைப் பற்றி யாரும் பயப்படத் தேவையில்லை. அடுப்பில் எதை எரிக்கிறோம், மேலே எதை ஊற்றுகிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பவற்றில்தான் கவனம் வேண்டும்.

பனம்பழம் காட்டிய வழி

பழம் சுடுவது நம்மவருக்குப் புதிதல்ல. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். விடியமுன் போய்ப் பொறுக்கி வந்து, மேல்மூடியைக் கழற்றிவிட்டு, அடுப்புத் தணலில் புரட்டிப் புரட்டிச் சுடுவார்கள். கறுத்த தோல் கருகி வெடிக்கும். உள்ளே செம்மஞ்சள் களி இளகித் தும்போடு குழையும். தோலை உரித்துத் தும்பைச் சூப்பினால் முதலில் இனிப்பு, அதற்கடியில் ஒரு கைப்பு. கொட்டை பாத்திக்குப் போய்க் கிழங்காகும். அதே களியைப் பிழிந்து மாவும் சீனியும் சேர்த்து எண்ணெயில் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். ருசியில் பணியாரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. உடம்பைக் கேட்டால் அது சுட்டதைத்தான் கேட்கும்.

அந்தக் கைப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் என்ற பொருள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பனங்களியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, குருதியில் சீனி ஏறுவது குறைவதைக் கண்டிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு யாரும் சீனி வருத்தத்துக்குரிய குளிசையை நிறுத்திவிடக் கூடாது. எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாகிவிடாது.

இந்தப் பழைய பழக்கத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பனம்பழத்தைத் தோலோடு சுட்டார்கள். புகையும் சாம்பலும் கரியும் தோலில் ஒட்டின. தோல் உரிபட்டுப் போனது. வாய்க்குப் போனது சுத்தமான களி. வாழைப்பழத்துக்கும் இதே முறை பொருந்தும்.

சூடு பட்டால் சத்து போய்விடுமா?

விற்றமின் சி கொஞ்சம் போகும். அது சூட்டைத் தாங்காத சத்து. 100 கிராம் அன்னாசியில் ஏறக்குறைய 45 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவும் ஏறக்குறைய அதுதான். ஆனால் தண்ணீரில் அவித்தால் சத்து தண்ணீரோடும் கரைந்து போகும். தணலில் இரண்டு மூன்று நிமிடம் காட்டும்போது அந்த இழப்பு இல்லை. காலையில் ஒரு கொய்யாப்பழத்தைப் பச்சையாகச் சாப்பிட்டால், சுட்டதில் போனது திரும்பி வந்துவிடும்.

மாம்பழம், பப்பாசி, பனம்பழம் ஆகியவற்றின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டீன்களின் கதை வேறு. சூடு பட்டுச் சதை குழையும்போது அவை எளிதாக வெளிப்படும். கூடவே கொஞ்சம் கொழுப்பும் இருந்தால் உடம்பு அவற்றை நன்றாக உறிஞ்சும். சுட்ட பப்பாசியோடு ஒரு கரண்டி எருமைத் தயிர் என்பது நல்ல சேர்க்கை.

அன்னாசி தின்றால் நாக்கு அரிக்கிறது என்பார்கள் சிலர். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதியம் புரதத்தைச் சிதைப்பதாலேயே அந்த அரிப்பு. சூட்டில் அந்த நொதியம் செயலிழந்துவிடும். பச்சை அன்னாசியைத் தள்ளிவைக்கும் பிள்ளைகள் சுட்டதை விரும்பித் தின்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழத்தில் இருக்கிற சீனி சுடுவதால் கூடுவதில்லை. தண்ணீர் வற்றுவதால் செறிகிறது. வெதுவெதுப்பாக இருக்கும்போது நாக்கும் இனிப்பைக் கூடுதலாக உணர்கிறது. அதனால்தான் சுட்ட பழத்துக்குச் சீனி தேவையே இல்லை என்று அழுத்திச் சொல்கிறேன்.

கருகியதைத் தின்றால் புற்றுநோயா?

இந்தக் கேள்வியை இறைச்சியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். இறைச்சியையும் மீனையும் கடும் சூட்டில் சுடும்போது தசையிலுள்ள கிரியட்டினும் அமினோ அமிலங்களும் சேர்ந்து தீங்கான சில பொருட்கள் உண்டாகின்றன. கொழுப்பு உருகித் தணலில் சொட்டினால் எழும் புகையிலும் புற்றுநோயோடு தொடர்புடைய பொருட்கள் உண்டு. அந்தப் புகை இறைச்சியிலேயே படிகிறது. பழத்தில் கிரியட்டின் இல்லை. சொட்டுவதற்குக் கொழுப்பும் இல்லை. ஆகவே இறைச்சி சுடுவதற்குச் சொல்லும் எச்சரிக்கையை அப்படியே பழத்துக்குச் சொல்ல முடியாது.

அக்ரிலமைட் என்ற இன்னொரு பொருளை 2002இல் சுவீடன் நாட்டவர்கள் உணவில் கண்டுபிடித்தார்கள். மாச்சத்து மிகுந்தவற்றை 120 பாகை செல்சியசுக்கு மேல் பொரிக்கும்போதும் வாட்டும்போதும் அது உண்டாகும். உருளைக்கிழங்குப் பொரியல், வாழைக்காய்ச் சிப்ஸ் போன்றவற்றில்தான் அதைப் பற்றிக் கூடுதலாக யோசிக்க வேண்டும். பழத்தில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 பாகையைச் சுற்றியே நிற்கும். மேற்பரப்பு பொன்னிறமாகி ஓரம் லேசாகச் சிவக்கும்போது எடுத்துவிடுங்கள். கரியான இடத்தைக் கத்தியால் சீவி எறியுங்கள்.

அடுப்பில் எதை எரிக்கிறீர்கள்?

உண்மையான ஆபத்து இங்கேதான். மழை நாளில் விறகு ஈரமாக இருக்கும், பற்றாது. உடனே கை போவது சொப்பிங் பைக்கும் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கும். பிளாஸ்டிக் எரிந்த புகையில் நஞ்சு உண்டு. மண்ணெண்ணெய் வாடை பழத்தில் ஏறும். பெயின்ற் அடித்த பழைய பலகையை எரித்தால் ஈயம் புகையாகவும் சாம்பலாகவும் வெளிவரும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. தென்னஞ்சிரட்டை நம்மிடம் தாராளமாக இருக்கிறது. காய்ந்த சிரட்டையை வெளியில் எரித்து, சுவாலை அடங்கிச் சிவந்த தணலாகிய பிறகே பழத்தை வையுங்கள். பற்றவைக்கக் காய்ந்த பொச்சு போதும்.

வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் அகாலத்தில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் குசினியில் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும். ஆஸ்துமா உள்ளவர்களை அடுப்படியில் நிற்க விடாதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். மழை வலுத்ததும் தணல் சட்டியைத் தூக்கி அறைக்குள் வைத்து, சாரல் அடிக்காமல் கதவு ஜன்னலைச் சாத்தாதீர்கள். புகை இல்லாத சிவந்த தணல்தான் ஏமாற்றும். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல், தூக்கம் தூக்கமாக வருதல் ஆகியவை அதன் அறிகுறிகள். உறங்கிவிட்டால் எழும்பாமலே போகலாம். தணலை அணைக்கும்வரை அது திறந்த தாழ்வாரத்தில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். யாருக்காவது அப்படி மயக்கம் வந்தால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அன்னாசியும் எருமைத் தயிரும்

அன்னாசியைத் தோல் சீவி, விரல் தடிப்பில் வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். கம்பி வலையைத் தணலுக்கு ஒரு சாண் மேலே வைத்து, காய்ந்ததும் துண்டுகளைப் பரப்புங்கள். முதலில் ஓரத்தில் சாறு நுரைக்கும். அந்த நுரை வற்றி, கம்பி பட்ட இடத்தில் தவிட்டு நிறக் கோடு விழுந்ததும் புரட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். தானாகக் கழன்று வரும். எண்ணெய் வேண்டாம். கறுவாத்தூள் ஒரு சிட்டிகை, தேசிக்காய்ச் சாறு சில துளி. உறைப்புப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு மிளகுத்தூள்.

வாழைப்பழத்தை உரிக்காமல் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கீறல் மேலே இருக்கும்படி வையுங்கள். தோல் முழுக்கக் கறுத்து, கீறலில் சாறு கொதித்தால் சரி. கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம். மிகக் கனிந்து குழைந்தது உதவாது. தோலில் புள்ளி விழத் தொடங்கிய பழமே பதமானது.

மேலே ஊற்ற மட்டக்களப்புச் சட்டித் தயிரை விடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதில் கொழுப்பு கூடுதல் என்பதால் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். தேன், கித்துள் பாணி என்று மேலும் ஊற்றினால் செய்ததன் பயன் போய்விடும். சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் மிக நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 25 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி. தேனும் பாணியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வெட்டுவதற்கு முன் பழத்தைக் கழுவும் தண்ணீரையும் பாருங்கள். மழை வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். கிணற்றுக்குக் குளோரின் இடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வெள்ளத்தில் ஊறிக் கிடந்த பழத்தைச் சுட்டும் சாப்பிட வேண்டாம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு

இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. அவர்களுக்குப் பழம் விலக்கு என்பது தவறான எண்ணம். அளவுதான் கணக்கு. ஒரு சிறிய வாழைப்பழத்தில் ஏறக்குறைய 15 கிராம் மாச்சத்து உண்டு. அன்னாசியில் ஒரு சிறு கிண்ணம் அளவும் அதே. ஒரு வேளைக்கு இவற்றில் ஒன்று போதும், இரண்டும் சேர்த்து வேண்டாம். சுட்ட பழம் குழைந்திருப்பதால் பச்சைப் பழத்தைவிட வேகமாகச் செரிக்கும்; சீனியும் விரைவாக ஏறலாம். அதனால் வெறும் வயிற்றில் தவிர்த்து, தயிரோடோ ஒரு பிடி கச்சானோடோ சாப்பிடுவது நல்லது. அன்று பின்னேரம் பிளேன்ரீ சீனியில்லாமல் குடிக்க வேண்டும். பழமும் சீனித்தேனீரும் சேர்ந்தால் கணக்கு பிழைத்துவிடும். 35 வயது தாண்டியும் இன்னும் சீனி பார்க்காதவர்கள் அரச வைத்தியசாலையில் பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை.

சிறுநீரக வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர்கள் வாழைப்பழத்துக்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். அதிலுள்ள பொற்றாசியத்தை அவர்களது சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் போகலாம். காமரங்காயை அவர்கள் பச்சையாகவோ சுட்டோ தொடவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பழத்தை மசித்துக் கொடுத்தாலும் தேன் ஒரு துளியும் வைக்காதீர்கள். சுட்டு மிஞ்சியதை மறுநாளுக்கு எடுத்துவைக்கவும் வேண்டாம். மாரி ஈரத்தில் அது இரவோடிரவாகப் புளித்துவிடும்.