பேஸ்ட்டில் ஃப்ளோரைடு... பயப்படணுமா? முதலில் உங்க வீட்டுத் தண்ணீரைப் பாருங்க!

'டூத் பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு விஷம், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்!' - ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் அடிக்கடி தலைகாட்டும் ஃபார்வர்டு இது. கூடவே, டியூபின் அடியில் இருக்கும் பச்சை, நீலம், கறுப்புக் கோடுகளை வைத்து 'இது இயற்கை, இது கெமிக்கல்' என்று பிரிக்கும் படமும் வரும். (அந்தக் கோடு, டியூபை எங்கே வெட்டி மடிக்க வேண்டும் என்று ஃபேக்டரி மெஷினுக்குக் காட்டும் அடையாளம். உள்ளே இருக்கும் பேஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

கோடு கிடக்கட்டும். ஃப்ளோரைடு விஷயத்தை மட்டும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அளவு மீறினால் அது என்ன செய்யும் என்பது தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு நன்றாகவே தெரியும். பாறைகளில் இருக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, போர்வெல் வழியாகக் குடத்துக்கு வந்துவிடும். வருடக்கணக்கில் அதைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை. பாதிப்பு முற்றினால் மூட்டுவலி, வளைய மறுக்கும் முதுகு. இதற்குப் பெயர் ஃப்ளோரோசிஸ். 1937-லேயே மதராஸ் மாகாணத்தில் இந்தப் பாதிப்பு மருத்துவ ஆய்வில் பதிவாகியிருக்கிறது. இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுசெல்ல, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

'தண்ணீரில் வந்தால் முதுகை வளைய விடாத பொருள், பேஸ்ட்டில் மட்டும் எப்படி நல்லதாகும்?' நியாயமான கேள்வி. கொஞ்சம் கணக்குப் போட்டால் பதில் கிடைத்துவிடும்.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. 3 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரை ஒருவர் தினமும் 2 லிட்டர் குடித்தால், 6 மில்லிகிராம் உள்ளே போகிறது. பேஸ்ட்டில், இந்திய விதிப்படி அதிகபட்சம் 1000 பிபிஎம். அதாவது, ஒரு கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம். பட்டாணி அளவு பேஸ்ட் சுமார் கால் கிராம்தான். அதிலிருக்கும் கால் மில்லிகிராமிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். தண்ணீரை யாரும் துப்புவதில்லையே!

சரி, பல்லுக்கு அது என்னதான் செய்கிறது? நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவுச்சத்தையும் வாயிலிருக்கும் பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைக்கிறது. உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த ரிப்பேர் வேலைக்கு ஃப்ளோரைடு கைகொடுக்கிறது. புதிதாகப் படியும் எனாமலும் முன்பைவிட அமிலத்தைத் தாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஃப்ளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இந்த நன்மை தெரியவந்ததே கறை படிந்த பற்களால்தான். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், ஊர் மக்களின் பழுப்புப் பற்களை ஆராயப்போய், அந்தப் பற்கள் அவ்வளவாகச் சொத்தையாவதில்லை என்று கவனித்தார். தண்ணீரிலிருந்த ஃப்ளோரைடுதான் காரணம் என்பது 1931-ல் உறுதியானது.

குழந்தைக்கு எவ்வளவு?

விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பேஸ்ட் வைப்பார்கள். அதை மறந்துவிடுங்கள். 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு, அவ்வளவுதான். வைப்பதும் பெரியவர்களாக இருக்கட்டும். ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகும் 8 வயது வரை, பேஸ்ட்டை விழுங்கிக்கொண்டே இருந்தால் பற்களில் வெள்ளைத் திட்டுகள் விழலாம். பெரியவர்களுக்கும் ஒரு விஷயம்: தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். நாலு மடக்குத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால், வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடும் வாஷ்பேசினோடு போய்விடும்.

போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீடுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். 'நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம்' என்பவர்கள் கவனிக்க... காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆர்.ஓ. ஃபில்டர் பெரும்பகுதியைப் பிரித்துவிடும். பரிசோதனையில் ஃப்ளோரைடு அதிகம் என்று தெரிந்தால், சின்னக் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டுக்கு உண்மையில் வேலை இருப்பது இந்த வீடுகளில்தான். நல்ல தண்ணீர் வரும் வீட்டில் ஃபார்வர்டைப் பார்த்து பேஸ்ட்டை மாற்றினால், லாபம் சொத்தைக்குத்தான்.

இன்னொன்று. ஃப்ளோரோசிஸ் கறை எனாமலோடு சேர்ந்தே உருவானது. கரித்தூளோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் தேயும். அப்படிப் பல் உள்ளவர்களிடம் 'ஒழுங்கா பல் தேய்க்கறதில்லையா?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஸ்ட்ராபெர்ரி வாசனை பேஸ்ட் என்றால் குழந்தை மிட்டாயாக நினைத்துச் சாப்பிடத்தான் பார்க்கும். துளி விழுங்கியதற்குப் பதற வேண்டாம். ஆனால் 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 50 மில்லிகிராம், அதாவது 100 கிராம் டியூபில் பாதி, ஆபத்தான அளவு. நிறைய சாப்பிட்டுவிட்டது தெரிந்தால், கொஞ்சம் பால் கொடுத்து உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த டியூபையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். எத்தனை பிபிஎம் என்று அதில்தான் அச்சிட்டிருக்கும்.