உதவித் தொகையும் ஊர் வேலையும்
ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊர்களின் அநுபவம்

வேலை கிடைக்காத ஒரு கிராமவாசிக்குச் சர்க்கார் என்ன செய்ய வேண்டும்? பணம் மட்டும் கொடுத்தால் போதுமா? வேலை கொடுத்துக் கூலி தர வேண்டுமா? வேலை கொடுப்பதானால், எந்த வேலை என்பதை யார் தீர்மானிப்பது? இக்கேள்விகளுக்கு ஆஸ்திரேலியா அரை நூற்றாண்டாகப் பல விடைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்நாட்டின் தொலைதூரப் பகுதிகளில் வாழும் பூர்வகுடி மக்களிடையே கிடைத்த அந்த அநுபவம், கிராம நிர்வாகத்தில் ஈடுபட்டிருப்போர் அறிந்துகொள்ளத்தக்கது.

பண்ணை வேலை போன விதம்

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களில் சுமார் 15 சதவீதத்தினர் நகரங்களுக்கு வெகு தொலைவிலுள்ள சிற்றூர்களில் வசிக்கின்றனர். வட பகுதியில் இவர்களுடைய முன்னோர் பலர் பெரிய மாட்டுப் பண்ணைகளில் உழைத்து வந்தனர். மாவு, தேயிலை, சர்க்கரை, இறைச்சி ஆகிய படிகளும் சொற்பப் பணமுமே அவர்கள் பெற்ற ஊதியம். 1966-ஆம் ஆண்டில் தொழில் நீதிமன்றம் பண்ணைத் தொழிலில் பூர்வகுடியினருக்கும் சம கூலி உண்டு என்று தீர்ப்பளித்தது. எனினும் அது அமலுக்கு வர 1968 டிசம்பர் வரை அவகாசம் தரப்பட்டது. அதே 1966-இல் வேவ் ஹில் பண்ணையில் குரிந்தி இனத்தார், வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் வேலையை விட்டு வெளியேறினர். கூலியோடு தங்கள் நிலத்தையும் திரும்பக் கேட்டனர்.

சம கூலி நியாயமானதே. ஆயினும் பண்ணை முதலாளிகள் பலர் ஆட்களைக் குறைத்தனர். வேலி அமைப்பதும் இயந்திரங்களைப் பயன்படுத்துவதும் பெருகின. வேலையிழந்த குடும்பங்கள் சிற்றூர்களில் வந்து குவிந்தன. அங்கே தொழிற்சாலை இல்லை, சந்தையும் இல்லை.

ஊர் மன்றத்தின் கையில் பணம்

1970-ஆம் ஆண்டுகளில் வேலையில்லாதோருக்கான உதவித் தொகை இவ்வூர்களுக்கும் எட்டத் தொடங்கியது. ஆனால் பெரியவர்கள் பலர் இதைக் கண்டு கவலை கொண்டனர். ‘உட்கார்ந்து வாங்கும் காசு’ இளைஞர்களைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினர். இதற்கு மாற்றாக 1977-இல் சமுதாய அபிவிருத்தி வேலைவாய்ப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. வட பிரதேசத்தில் இன்று பாருங்கா என வழங்கும் பாமியிலி என்னும் ஊரே இதனை முதலில் ஏற்றது.

திட்டத்தின் முறை எளியது. ஊரார் தனித்தனியே பெறவேண்டிய உதவித் தொகைகளின் அளவை ஒட்டி ஒரு மொத்தத் தொகை கணக்கிடப்படும். அதனுடன் கருவிகளுக்கும் நிர்வாகத்துக்கும் வேண்டிய பணத்தைச் சேர்த்துச் சர்க்கார் ஊர் மன்றத்திடம் கொடுக்கும். எந்த வேலை செய்வது என்பதை மன்றம் தீர்மானிக்கும். பங்குகொள்வோர் வாரத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் அளவு உழைத்துக் கூலி பெறுவர். வேலைக்கு வராதவருக்குக் கூலி இல்லை. கூடுதலாக உழைத்தால் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். சாலை, வீடு, குப்பை அகற்றல், பள்ளி உதவி, இரவுக் காவல், ஓவியக் கூடம், நிலப் பாதுகாப்பு என வேலைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. 2000-ஆம் ஆண்டை ஒட்டி 30,000-க்கு மேற்பட்டோர் இதில் பங்குகொண்டனர்.

குறைகளும் இருந்தன. ஆசிரியர் துணைவர், சுகாதார ஊழியர் போன்று முழுச் சம்பளம் பெற வேண்டிய பணிகளைக்கூடச் சில இடங்களில் இத்திட்டத்தின் கூலியிலேயே நடத்திவிட்டனர். இவ்வகையில் சர்க்கார் தன் கடமையைக் குறைந்த செலவில் முடித்துக்கொண்டது. வெளி வேலைக்குச் சென்றவர்களும் சிலரே.

அபராத முறை

இக்குறைகளைத் திருத்துவதற்குப் பதிலாக, 2007 முதல் திட்டமே படிப்படியாகச் சுருக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வட பிரதேசத்துப் பூர்வகுடி ஊர்களில் உதவித் தொகையின் பாதியைக் குறிப்பிட்ட பொருள்களுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது. 2015-இல் பழைய கூலி முறை அறவே நின்றது. புதிய திட்டத்தின்படி வேலையற்றோர் வாரம் 25 மணி நேரம், ஐந்து நாளும், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் விதிக்கப்பட்ட வேலையில் ஈடுபட வேண்டும். நகரத்தாருக்கு இத்தகைய கடுமை இல்லை. கிடைத்த உதவித் தொகையை மணிக்கணக்கில் பிரித்தால் 10 அல்லது 11 டாலரே வரும். அப்போது நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலருக்கு மேல்!

வராதவர்களுக்கு அபராதம் உண்டு. சிலருக்கு எட்டு வாரம் வரை பணம் நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் விதிக்கப்பட்ட அபராதங்கள் லட்சக்கணக்காயின. தொலைபேசி வசதி குறைந்த ஊரில், ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒருவர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு விளக்கம் சொல்வது எவ்வளவு கடினம்! விளக்கம் சொல்ல இயலாமல் பட்டியலிலிருந்தே பலர் விலகினர். அவர்களைச் சுற்றத்தார் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஒருவர் பணம் நின்றால் பல வீடுகளின் அடுப்பு பாதிக்கப்பட்டது.

2021 மே மாதத்தில் கட்டாய வேலை கைவிடப்பட்டது. 2024-இல், மூன்று ஆண்டுகளில் 3,000 வேலைகளை உண்டாக்கும் புதிய திட்டம் அறிவிக்கப்பட்டது. ஊர் அமைப்புக்களும் உள்ளாட்சிகளும் தங்களுக்குத் தேவையான வேலையைத் தாமே குறித்து விண்ணப்பிக்கலாம். இதில் குறைந்தபட்சக் கூலியும் ஓய்வுக்கால வைப்புத் தொகையும் உண்டு. 2025 நவம்பர் முதல் தொலைதூரப் பகுதிகளின் வேலைவாய்ப்புச் சேவையும் புதிதாக அமைக்கப்பட்டுள்ளது.

நாம் அறிய வேண்டியது

1977-இலும் 2015-இலும் ‘வேலை செய்தால் பணம்’ என்னும் விதி ஒன்றே. ஆயினும் விளைவு வேறு. முன்னதில் வேலையை ஊர் மன்றம் தெரிந்தெடுத்தது. செய்த வேலை ஊரின் கண்முன் நின்றது. கிடைத்தது கூலி என்ற பெயருடைய பணம். பின்னதில் வேலையை வெளியார் விதித்தனர். கிடைத்தது எந்த நேரத்திலும் பறிபோகக்கூடிய உதவித் தொகை.

ஆகவே எந்த வேலைத் திட்டம் நம் ஊருக்கு வந்தாலும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். வேலையைத் தெரிந்தெடுப்பவர் யார்? செய்த வேலைக்கு நியாயமான கூலி உண்டா? வர இயலாதவர் தம் காரணத்தை அருகிலேயே ஒருவரிடம் கூற வழி உண்டா? இவற்றுக்குத் தக்க விடை உள்ள இடத்தில் ஊர் மக்களின் உழைப்பு ஊருக்கே பயன்படும். அவர்களுடைய மானமும் காக்கப்படும்.