இடித்தபின் எழுப்ப இயலுமோ?

வளையமாதேவி வயல்களில் 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிகழ்ந்ததை நாம் எளிதில் மறக்க இயலாது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும்பொருட்டு, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வாரி இயந்திரங்கள் ஏறின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்க நிறுவனம். அறுவடை வரையிலேனும் பொறுக்கலாகாதா என்றனர் உழவர். ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பயிருக்கு விலை கிடைத்தது, பயிர் திரும்பவில்லை.

பழுப்பு நிலக்கரிக்காகச் சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்த வட்டாரம் நம்முடையது. இழந்தபின் வருந்துவதன் சுமையை அறிந்தவர்கள் நாம். ஆகவே, இழப்பதற்கு முன்னரே விழித்துக்கொண்ட சிலரின் வரலாறு நமக்குப் பயன்படும்.

சென்னைக் கடற்கரைச் சாலையில் இராணி மேரிக் கல்லூரி நிற்கிறது. 1914ஆம் ஆண்டில் முப்பத்தேழு மாணவியருடன் தொடங்கிய இதுவே அந்நகரின் முதல் மகளிர் கல்லூரி. டாரதி டி லா ஹே அம்மையார் அதன் முதல் முதல்வர். பெண்ணை வாயிற்படி தாண்டவிடத் தயங்கிய காலத்தில், எளிய குடும்பத்துப் பெண்மக்களுக்கும் உயர்கல்வியின் கதவைத் திறந்துவிட்ட இடம் அது.

2003ஆம் ஆண்டில் அக்கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் எழுப்ப மாநில அரசு முனைந்தது. பழைய கட்டடங்களை அகற்றிவிட்டு, கல்லூரியை வேறிடம் மாற்றுவது என்பது திட்டம். செய்தி கேட்ட மாணவியர் கலைந்து செல்லவில்லை. வளாகத்திலேயே அமர்ந்து போராடினர். ஆசிரியைகளும் பழைய மாணவியரும் துணைநின்றனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. இறுதியில் அரசு தன் திட்டத்தைக் கைவிட்டது. படைவலிமையோ பணவலிமையோ இல்லாத இளம்பெண்கள், தங்களுக்குப் பின் வரவிருக்கும் தங்கையருக்காக அக்கல்லூரியைக் காத்துக் கொடுத்தனர்.

அதே சாலையில் உள்ள காவல்துறைத் தலைமை அலுவலகமும் இவ்வாறே தப்பியது. 1839ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கட்டடத்தை இடிக்க 1990களின் தொடக்கத்தில் முயற்சி நடந்தபோது, மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் நீதிமன்றத்தை நாடினர். பின்னர் அது செப்பனிடப்பட்டு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. பழமையைக் காத்தலும் பயன்பாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. இராணி மேரிக் கல்லூரி முதன்முதலில் குடியேறிய கேப்பர் மாளிகை, போராட்டத்தில் தப்பியும், பராமரிப்பின்றிச் சிதைந்து பின்னர் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று புதுக் கட்டடம் நிற்கிறது. இயந்திரத்தினின்று மீட்டதை அலட்சியத்திடம் பறிகொடுத்தோம்! போராட்டம் சில நாள்களில் முடியும். பராமரிப்போ ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணி.

இவையெல்லாம் பட்டணத்துச் செய்தி, நமக்கென்ன என்று எண்ணலாமா? நம் பங்குகளிலும் பழைய கோவில்கள், பள்ளிக்கூடங்கள், குருமனைகள் உள்ளன. “ஒழுகுகிறது, இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவோம்” என்னும் பேச்சு அடிக்கடி எழுகிறது. இடிக்கவே கூடாது என நாம் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தான சுவரைக் காப்பது அறமாகாது. ஆனால், இடிக்கத் தீர்மானிக்குமுன், பழைய கட்டுமானம் அறிந்த பொறியாளரை அழைத்துக் காட்டினோமா? ஓடு மாற்றினால், நீர்த்தாரையைச் சீர்செய்தால், சுவரில் வேர்விட்ட அரசங்கன்றை அகற்றினால் தீரும் குறையா எனப் பார்த்தோமா? சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசி, ஈரத்தை உள்ளேயே அடைத்து, நாமே அதைக் கெடுத்துவிட்டோமா?

இவ்வினாக்களைப் பங்குக் கூட்டத்தில் எழுப்புவோம். முதியோரிடம் அக்கட்டடத்தின் கதையைக் கேட்டுப் பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்வோம். பாட்டனார் கல் சுமந்த கோவில் என்று அறிந்த பிள்ளை, அதன்மேல் கடப்பாரை விழ எளிதில் இசையாது.

இடிக்க ஒருநாள் போதும். எத்தனை பொருள் கொட்டினாலும், இடித்ததை மீண்டும் பழையதாக எழுப்ப எவராலும் இயலாது. வளையமாதேவி உழவரைக் கேட்டால் இதனை நமக்கு நன்கு விளக்குவர்.