குடலுக்குள் இருந்துகொண்டு மார்பகம்வரை கைநீட்டும் பாக்டீரியா! தெரியுமா?

நம் உடம்பில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்களோ 38 லட்சம் கோடி! அத்தனையையும் திரட்டித் தராசில் வைத்தாலும் 200 கிராம்தான் தேறும். பெரும்பாலானவை பெருங்குடல்வாசிகள். அங்கிருந்தபடியே மார்பகப் புற்றுநோயிலும் இவை தலையிடுகின்றன என்றால் நம்ப முடிகிறதா?

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தயவில் வளர்பவை. வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் என்ன செய்யும் தெரியுமா? குளுகுரோனிக் அமிலத்தைச் சேர்த்துக் கட்டி, பார்சல் போட்டு, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். அப்படியே மலத்தோடு வெளியேற வேண்டியதுதான். ஆனால் சில குடல் பாக்டீரியாக்களிடம் பீட்டா-குளுகுரோனிடேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது கட்டைப் பிரித்துவிடும்! விடுபட்ட ஈஸ்ட்ரோஜன் குடல்சுவரைத் தாண்டி மறுபடியும் ரத்தத்துக்கே வந்துவிடும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா மரபணுக்களுக்கு ‘எஸ்ட்ரோபோலோம்’ என்று 2011-இல் பெயர் சூட்டியவர்கள் கிளாடியா பிளாட்டெலும் மார்ட்டின் பிளேசரும்.

இன்னும் கேளுங்கள். இதே என்சைம் மருந்துப் பார்சலையும் விடுவதில்லை! இரினோடெகான் என்ற கீமோ மருந்திலிருந்து உருவாகும் நஞ்சின் பெயர் எஸ்என்-38. ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ என்ற வகை மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி பெற்ற சாசிடுசுமாப் கோவிடெகான் என்ற மருந்து சுமந்து செல்வதும் இதே நஞ்சைத்தான். கல்லீரல் இதையும் கட்டித்தான் குடலுக்கு அனுப்புகிறது. பாக்டீரியா பிரித்துவிட்டால் குடலின் உட்சுவர் புண்ணாகி வயிற்றுப்போக்கு பாடாய்ப் படுத்தும். பாக்டீரியாவைக் கொல்லாமல் இந்த என்சைமை மட்டும் முடக்கினால் இரினோடெகான் ஏற்றிய எலிகளுக்கு வயிற்றுப்போக்கு குறைகிறது என்று 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோயாளிகள் படும் அவஸ்தையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

குடல் பாக்டீரியா மருந்தில் கைவைத்து 1993-இல் ஜப்பானில் நடந்தது நெஞ்சை உலுக்கும். அக்கிக்காக சொரிவுடின் என்ற புது மாத்திரை வந்தது. அதைக் குடல் பாக்டீரியா வேறொரு பொருளாக மாற்றியது; அந்தப் பொருள், 5-எஃப்யூ வகைக் கீமோ மருந்தை உடம்பு சிதைக்க முடியாமல் தடுத்துவிட்டது. கீமோ மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போக, இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்ட புற்றுநோயாளிகள் குறைந்தது 15 பேர் இறந்துபோனார்கள்.

அப்படியானால் பாக்டீரியா வில்லனா? இல்லவே இல்லை! மார்பகப் புற்றுநோய்க்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் சைக்ளோபாஸ்பமைடை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் பிரான்ஸின் லாரன்ஸ் சிட்வோகல் குழு எலிகளில் கண்டது இது: மருந்து சிறுகுடல் சுவரைத் தளர்த்த, என்டரோகாக்கஸ் ஹிரே போன்ற பாக்டீரியாக்கள் அந்த வழியே நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் போய், நோய் எதிர்ப்பு செல்களை உசுப்பிவிடுகின்றன. ஆன்டிபயாடிக் கொடுத்து அவற்றை அழித்தால் மருந்தின் வீரியமே குறைந்துவிடுகிறது!

இதற்காகக் கீமோவின்போது காய்ச்சல் கண்டு டாக்டர் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை மறுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அது உயிர் காக்கும் மருந்து. அவரைக் கேட்காமல் புரோபயாடிக் மாத்திரையும் வேண்டாம்.

குடலில் மட்டுமல்ல, பாக்டீரியா மார்பகக் கட்டிக்குள்ளேயே, அதுவும் செல்களுக்கு உள்ளேயே குடியிருக்கிறது தெரியுமா? ரத்த ஓட்டத்தின் வேகத்தில் பிய்ந்து சாகாமல் புற்றுசெல் தாக்குப்பிடிக்க அது உதவுகிறது என்று 2022-இல் சீனாவின் வெஸ்ட்லேக் பல்கலைக்கழகம் கண்டறிந்தது. எலிகளில் அந்த பாக்டீரியாவை ஆன்டிபயாடிக்கால் ஒழித்தபோது கட்டியின் வளர்ச்சி நிற்கவில்லை. நுரையீரலுக்குப் பரவுவதுதான் குறைந்தது!