மண்ணுக்குள் கைநீட்டும் மஞ்சள் மலர்ச் செடி



பால்மரக் கிளைகளில் புல்லுருவி தொற்றி வளர்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதன் பிழைப்பு நம் கண்ணுக்கு எதிரிலேயே நடக்கிறது. ஆனால், மற்றச் செடிகளைப் போலவே தரையில் நின்றுகொண்டு, மண்ணுக்கடியில் மட்டும் மரத்தின் வேரைப் பற்றிக்கொள்ளும் செடிகளும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓக் மரக் காடுகள் உள்ளன. அம்மரங்களின் நிழலோரத்தில், கோடைக் காலத்தில், குழல் வடிவான மஞ்சள் பூக்கள் பூத்துக் குலுங்கும். ஒவ்வொரு பூவும் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பருத்த உடல்கொண்ட ஒருவகைத் தேனீக்கள் அவற்றை நாடி வரும். இச்செடிக்கு ஆரியோலேரியா என்று பெயர். பொன்னிறம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இதன் வேர் ஓக் மரத்தின் வேரைத் தொட்டதும், தொட்ட இடத்தில் சிறு முடிச்சுப் போல் புடைக்கிறது. அந்தப் புடைப்பு மரத்தின் வேரைத் துளைத்து உள்ளே சென்று, நீரையும் உப்புச் சத்துகளையும் உறிஞ்சுகிறது. எனினும் இச்செடிக்குப் பச்சை இலைகள் உண்டு. வெயிலைக் கொண்டு உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, சொந்த அடுப்பில் உலை வைப்பது போல என்று சொல்லலாம். ஆகவேதான் இதனை அரை ஒட்டுண்ணி என்கிறோம். நம் மலேசியக் காடுகளில் பூக்கும் ரஃப்லேசியாவோ முழு ஒட்டுண்ணி. அதற்கு இலையே கிடையாது; ஒரு காட்டுக் கொடியின் உடலுக்குள்ளேயே வாழ்ந்து, பூக்கும்போது மட்டும் வெளியே வருகிறது.

ஆரியோலேரியாவின் அழகைக் கண்டு, அதைப் பெயர்த்து வந்து வீட்டுத் தோட்டத்தில் நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும். செடி வந்துவிட்டது, அதற்கு நீர் கொடுத்த ஓக் வேர் காட்டிலேயே நின்றுவிட்டது அல்லவா? ஓக் மரங்களை வெட்டி அழித்தாலும் இதற்கு அதே கதிதான்.

நாம் நன்கறிந்த சந்தன மரமும் இவ்வாறே பிற செடிகளின் வேரை நாடி வளர்வதுதான். அதனால் தமிழ்நாட்டில் சந்தனக் கன்று வளர்ப்போர், அதன் அருகிலேயே துவரை போன்ற துணைச் செடியையும் நடுகிறார்கள். விவரம் அறியாதவர், “இது களை” என்று அந்தத் துணைச் செடியைப் பிடுங்கி எறிந்தால், சந்தனக் கன்றுதான் வாடும்.

ஆகவே நேயர்களே, ஒரு செடியைப் பெயர்க்கும் முன்பும் பிடுங்கும் முன்பும், மண்ணுக்கடியில் அதற்கு யாருடன் உறவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.