உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் பெருகும் லீற்றர்

உச்சி வெயிலில், 35 பாகைச் சூட்டில் 6,600 லீற்றர் பெற்றோல் ஏற்றிய பவுசர் ஒன்று வவுனியா–மன்னார் வீதியால் பூவரசங்குளம் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலத்தடித் தாங்கியில் இறக்கி, 28 பாகைக்குக் குளிர்ந்தபின் கோல் விட்டு அளந்தால் ஏறத்தாழ 55 லீற்றரைக் காணவில்லை. சாரதியைச் சந்தேகிக்க வேண்டாம். நிறை அப்படியே இருக்கிறது, சுருங்கியது கனவளவுதான்.

பெற்றோல் பாகைக்கு ஏறத்தாழ 0.12 சதவீதம் விரியும், டீசல் 0.08. மெதனோலும் பெற்றோல் மாதிரித்தான். அசற்றோன் இன்னும் மோசம், 0.14. தண்ணீருக்கோ 20 பாகையளவில் 0.02 மட்டுமே.

ஒரு பவுசருக்கே இப்படியென்றால் கப்பலுக்கு? 30 பாகையில் அளந்த 3 கோடி லீற்றர் பெற்றோல், 15 பாகையில் 5 லட்சம் லீற்றருக்கு மேல் குறையும். அதனால் சர்வதேச எண்ணெய் வணிகத்தில் ஆழம், வெப்பநிலை, அடர்த்தி மூன்றையும் அளந்து, அட்டவணையிலுள்ள திருத்தக் காரணியால் பெருக்கி, 15 பாகைக்குரிய அளவையே எழுதுவார்கள். அமெரிக்கர்களுக்கு அது 60 பாகை பரனைற், அதாவது 15.56 செல்சியஸ். பென்சீன், தொலுயீன் போன்றவற்றுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. பல இரசாயனங்களை நிறுத்தே விற்பதால் இந்தத் தலையிடி இல்லை.

கனடாவில் பல பெற்றோல் பம்பிகள் தாமாகவே 15 பாகைக்குத் திருத்திக் கணக்கிடும். குளிர் நாடல்லவா, திருத்தாவிட்டால் நட்டம் விற்பவருக்கு!

விடியற்காலையில் அடித்தால் பெற்றோல் கூடக் கிடைக்கும் என்பது வெறும் கதை. நிலத்தடித் தாங்கியின் வெப்பநிலை இரவு பகலுக்கிடையில் பெரிதாக மாறுவதில்லை.